ரெஜினாவின் ஒன்பது கோட்டுகள்

என் போனில் ‘சோதனை’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ரெஜினா மேடம் உருவாக்கிய நடன நிகழ்ச்சியின் பெயர் அது. நிகழ்ச்சி ஊர் ஊராகப் போய் ஓய்ந்த பிறகு அந்தக் குழுவில் யாரும் பேசுவதில்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்துப் படங்கள் வரும், அவ்வளவுதான். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடையில் ஒரு கல்யாண கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அதில் ஒரு செய்தி வந்தது. நடனக் குழுவை நடத்துகிற விவேக் எழுதியிருந்தார்: “நமது அன்பான காஸ்ட்யூம் டிசைனர் ரெஜினா மேடம் இன்று காலை நம்மை விட்டுப் பிரிந்தார்.” அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன.

காஸ்ட்யூம் டிசைனர். என் கண் அந்த வார்த்தையில்தான் போய் நின்றது. மறைக்காமல் சொல்கிறேன், அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து மேடத்தின் தங்கை டெய்சி போன் செய்தார். என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லையாம், அதனால் விவேக்கையே எல்லோருக்கும் சொல்லச் சொன்னாராம்.

அதே டெய்சிதான் இப்போது நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொல்லியிருக்கிறார். “அக்காவப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடு கௌரி, நீதான் கூடவே இருந்தவ” என்றார். நல்லதாக மட்டும் எழுதினால் மேடமே வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுவார். அவரைத் தெரிந்த உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

நான் அவரிடம் சேர்வதற்கு முன் பதினொரு வருடம் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபாக்டரியில் இருந்தேன். ஃபினிஷிங் பிரிவு. தைத்து முடித்த சட்டைகள் எங்கள் மேஜைக்கு வரும். தொங்குகிற நூலையெல்லாம் வெட்டி, கறை பார்த்து, இஸ்திரி போட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு நூல் மிஞ்சியிருந்தாலும் சூப்பர்வைசர் சட்டையை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மேஜை முழுவதும் கேட்கும்படி ஏசுவார். அந்தப் பயம் என் விரலில் இறங்கிவிட்டது. பஸ்ஸில் முன்னால் நிற்கிற பெண்ணின் ஜாக்கெட்டில் நூல் தொங்கினால்கூட என் கை தானாகப் போகும். இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறேன்.

பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் மேடத்தின் கடை. கல்யாண கவுன்களில் பன் வாசனை அடிக்கிறது என்று மணப்பெண்கள் குறை சொல்வார்கள். “பட்டினியாவா கல்யாணம் பண்ணிக்கப் போற, நல்ல வாசனதானே” என்பார் மேடம். நான் சேர்ந்த முதல் நாள் பொம்மைக்கு மாட்டியிருந்த ஒரு கவுனைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அழகாக இருக்கிறது என்றேன். “அழகா இருக்குன்னு சொல்றதுக்குப் பொண்ணோட அம்மா வருவாங்க. நீ எங்க இழுக்குதுன்னு சொல்லு” என்றார். அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்தக் கடையில் நான் ‘அழகு’ என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஃபாக்டரி வாசலில் எங்களைச் சோதனை போடுவார்களே, அதைச் சொன்னேன். சாயங்காலம் வெளியே விடும்போது துணித்துண்டு எதையாவது ஒளித்துக்கொண்டு போகிறோமா என்று தடவிப் பார்ப்பார்கள். வரிசையாக நிற்க வேண்டும். கையைத் தூக்கு, திரும்பு, போ. பதினொரு வருடம், தினமும். நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மேடம் கையைக் கழுவிவிட்டு வந்து, “எந்திரிச்சு நில்லு. எப்படித் தூக்குவ, காட்டு” என்றார். காட்டினேன். இன்னொரு தடவை என்றார். சோறு காய்ந்து போகும் வரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அந்த மதியத்திலிருந்துதான் ஒன்பது கோட்டுகள் வந்தன. ஃபாக்டரி யூனிஃபார்ம் தைக்கிற தடித்த நீலத் துணியில், வேண்டுமென்றே தப்பாக வெட்டிய கோட்டுகள். ஒன்றில் கை குட்டை, கையைத் தூக்கினால் முதுகெல்லாம் மேலே ஏறும், போட்டவர் குனிந்தே ஆக வேண்டும். ஒன்றில் பாக்கெட்டோடு ஒரு கையைச் சேர்த்துத் தைத்திருக்கும். இரண்டு கோட்டுகளுக்கு நடுவில் ஒரே கைதான். மேடம் ஒவ்வொன்றையும் தானே மாட்டிக்கொண்டு, கட்டிங் மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் நடந்து பார்ப்பார். அறுபதை நெருங்கிய உடம்பு, மூச்சு வாங்கும். “எனக்கு டான்ஸ் தெரியாது கௌரி. துணி எங்க இழுக்குதோ அங்க போறேன்” என்பார். பிறகு கோட்டைக் கழற்றி, உள்பக்கம் லைனிங்கில் சிவப்பிலும் நீலத்திலும் நீளமாக ஓட்டுத் தையல் போடுவார். அளவு சரிபார்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நடனக்காரர்களைப் பழக்குவதற்காகத்தான் விவேக்கை அழைத்தார். ஐடி வேலையை விட்டுவிட்டு நடனத்துக்கு வந்தவர், மரியாதையான ஆள். முதல் நாள் ஒத்திகையில், “மேடம், கவுண்ட் எத்தனைங்க, எட்டா பதினாறா?” என்று கேட்டாராம். மேடம் ஒரு கோட்டை உட்புறமாகத் திருப்பி அவர் மடியில் போட்டாராம். சிவப்பு நூல் போகிற வழியில் கை போக வேண்டும். நீலம் வந்தால் திரும்ப வேண்டும். முடிச்சு இருக்கிற இடத்தில் நின்று மூச்சு விட வேண்டும். ஒன்பது கோட்டுக்குள் முழு நடனத்தையும் தைத்து வைத்திருந்தார். இதை விவேக்தான் ரொம்ப நாள் கழித்து எனக்குச் சொன்னார். ஒத்திகை நடந்த ஜீவனஹள்ளி மண்டபம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் கல்யாண ஆர்டர்கள் கெட்டுவிடும் என்று மேடம் என்னைக் கடையிலேயே உட்கார வைத்துவிட்டார். கதை என்னுடையது. ஒரு நாள் வந்து பார் என்று அவர் கூப்பிட்டிருக்கலாம். அந்தக் கோபம் அவர் போன பிறகும் எனக்கு இருக்கிறது.

முதல் நிகழ்ச்சிக்கு மட்டும் உடை மாட்டிவிடப் போனேன். மாட்டிவிட்டு மேடையோரத்தில் நின்று பார்த்தேன். மங்கலான வெளிச்சத்தில் ஒன்பது பேர் வரிசையில் நின்று கையைத் தூக்கினார்கள். கோட்டு ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாகக் குனிய வைத்தது. குனிந்தபடியே திரும்பினார்கள். முடிந்ததும் எல்லோரும் விவேக்கைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கையை நீட்டி, “எல்லாம் மேடத்தோடதுங்க, நான் சொல்லிக் குடுத்தேன், அவ்வளவுதான்” என்றார். அன்றைக்கு அப்படித்தான் சொன்னார்.

ஒரு வருடம் கழித்து வெளியூரில் ஒரு பெரிய விழாவுக்கு அழைப்பு வந்தது. அந்த நேரத்தில்தான் மேடத்துக்கு உடம்பு கெட்டது. சிகிச்சைக்காக வேலூருக்குப் போனார். அக்குளில் இழுக்கிறது என்று ஒன்பதாவது கோட்டை மட்டும் பையில் போட்டு எடுத்துக்கொண்டார். மற்ற எட்டும் அழுக்காகக் கடையில் கிடந்தன. அவர் திரும்பி வருவதற்குள் தயார் செய்துவிட வேண்டும் என்று நான் உட்கார்ந்தேன். அலசினேன். நிழலில் காயப்போட்டேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் அவ்வளவு நூல். அளவு பார்த்த தையல், டெலிவரிக்கு முன்னால் எடுத்துவிட வேண்டியதுதானே. நூல் கத்தரியை எடுத்து ஒவ்வொரு முடிச்சாக வெட்டி, ஒவ்வொரு இழையாக உருவி எடுத்தேன். ஊசி போன ஓட்டைகூடத் தெரியாதபடி நீராவி இஸ்திரி போட்டேன். ஃபாக்டரியில் அதற்காகவே எனக்கு நல்ல பெயர் உண்டு.

வேலூரிலிருந்து வந்த அன்றே மேடம் கடைக்கு வந்துவிட்டார். ஹாங்கரில் வரிசையாகத் தொங்கிய கோட்டுகளில் ஒன்றை எடுத்து உள்பக்கம் பார்த்தார்.

“உள்ள நூல் இருந்துச்சே, கௌரி?”

“பிரிச்சுட்டேன் மேடம். தடவிப் பாருங்க, ஒரு நூல் இருக்காது.”

“எல்லாத்துலயுமா?”

“எட்டுலயும்.”

எட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். கடைசிக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, “அழகா இருக்கு” என்றார்.

எட்டு வருடத்தில் அதுதான் முதல் முறை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்து, முதல் முறையாக ஒத்திகைக்குக் கோட்டுகளை நானே கொண்டுபோனேன். பழைய நடனக்காரர்களில் நாலு பேர் விலகி, புதியவர்கள் வந்திருந்தார்கள். விவேக் ஒரு கோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மேடம், தையல் எங்கங்க? இவங்க பாத்துக் கத்துக்கணுமே” என்றார். எனக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. கையில் ஹாங்கர்களோடு நின்றேன். மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தான் பிரிச்சேன்” என்றார். “பழசு. புதுசா போடலாம்னு.”

இரண்டு வாரம் முயன்று பார்த்தார். முன்பு எடுத்த போன் வீடியோவில் இருட்டும் கோட்டுகளின் முதுகும்தான் தெரிந்தன. பழைய ஆட்கள் ஆளுக்கொரு மாதிரி செய்து காட்டிச் சண்டை போட்டார்கள். மேடத்தின் விரல்களில் ஊசி நிற்கவில்லை. “ஞாபகம் இருந்தா எதுக்குத் தெச்சு வெக்கப் போறேன்?” என்று ஒரு தடவை சத்தம் போட்டார். புதிதாக வந்த ஒருத்தி இன்னொருத்தியிடம், “ஆன்ட்டிக்கு மருந்து தலைக்கு ஏறிடுச்சு போல” என்றாள். அது மேடத்தின் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. நான் கோட்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க ரெஸ்ட் எடுங்க மேடம். மிச்சத்த நான் பாத்துக்கறேங்க” என்றார் விவேக். மிச்சம் என்றால் முக்கால்வாசி. அதை அவர் தன் நடனத்தால் நிரப்பினார். வேலூருக்குக் கொண்டுபோன ஒன்பதாவதை மேடம் வெளியே எடுக்கவே இல்லை. கோட்டு எட்டுதான் இருக்கிறது என்றதும் எட்டுப் பேர் போதும் என்றார் விவேக். விழாவில் கொடுத்த தாளில் ‘நடன அமைப்பு: விவேக்’ என்று பெரிதாகவும், கடைசியில் ‘உடை: ரெஜினா’ என்று சிறிதாகவும் அச்சடித்திருந்தார்கள். நிகழ்ச்சி அதற்குப் பிறகு பல ஊர்களுக்குப் போனது. மேடம் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

அந்தத் தாள் வந்த அன்று கடையில் வைத்து நான் பேச்சை எடுத்தேன்.

“நான் போய்ச் சொல்லிடறேன் மேடம்.”

“சொன்னா நூல் திரும்பி வருமா?”

“உங்கள இல்ல தப்பாப் பேசறாங்க.”

“உன் பேரச் சொன்னா, நூல் வெட்டற பொம்பளைய நம்பியா இதெல்லாம் வெச்சிருந்தீங்கன்னு கேப்பாங்க. என் பேரச் சொன்னா வயசாயிடுச்சும்பாங்க. வயசானது நெசந்தானே. சாக்கு, விடு.”

போதும் என்பதை அவர் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வார். விடு என்றார், நானும் விட்டுவிட்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. விவேக் மேல் கோபப்பட்டுக்கொண்டே இத்தனை நாளை ஓட்டிவிட்டேன். அவராவது கண் முன்னால் கிடந்ததை எடுத்தார். அதைக் கிடக்கும்படி செய்தவள் நான். செய்ததைவிடப் பெரிய தப்பு, வாயை மூடிக்கொண்டிருந்தது.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்தவர்கள் விவேக் பேசியதைக் கேட்டிருப்பீர்கள். மேடத்தின் நினைவாக ‘சோதனை’யை மறுபடி மேடையேற்றப் போவதாகச் சொன்னார். வெளியே செருப்பு மாட்டும்போது என்னிடம் வந்து, “கௌரி அக்கா, கோட்டெல்லாம் ஒரு தடவ நல்லா ஃபினிஷ் பண்ணிக் குடுத்துடுங்க” என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சாதாரணமாகத்தான் சொன்னார். பதிலை இங்கே எழுதுகிறேன்.

விவேக் சார், எட்டுக் கோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் அழைப்பிதழில் ‘சோதனை: உருவாக்கம், ரெஜினா’ என்று முதல் வரியில் போடுங்கள். அப்படியானால் அவர் அமைத்த நடனம் எங்கே போனது என்று யாராவது கேட்பார்கள். அதற்குக் கீழே ‘நூலைப் பிரித்தது: கௌரி’ என்றும் போடுங்கள். மேடத்துக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று பேசிய ஒவ்வொருவர் கையிலும் அந்த அழைப்பிதழ் போய்ச் சேர வேண்டும்.

ஒன்பதாவது கோட்டை யாருக்கும் தருவதாக இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தில் மேடம் அதை டெய்சியிடம் சொல்லி என்னிடம் கொடுக்க வைத்தார். கையைத் தூக்கிக் காட்டு என்று அன்று என்னை நிற்க வைத்தாரே, அந்த அளவில் வெட்டிய கோட்டு. வேலூருக்குப் போய் வந்ததால் தப்பித்தது. இப்போது என் வீட்டு பீரோவில் தொங்குகிறது, சிவப்பும் நீலமும் முடிச்சுகளும் அப்படியே இருக்கின்றன. கடைசி முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு நூலை மேடம் வெட்டாமல் விட்டிருக்கிறார், விரல் நீளத்துக்குத் தொங்குகிறது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் என் கை அதனிடம் போகிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூடிவிடுகிறேன்.