லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்

என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, ரவாங்கில் லோரி கம்பெனி. லோரி விட்டுச் சம்பாதித்த மனுஷன் சும்மா இருக்கக்கூடாதா? பறக்கக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தார். பிறகு அவர் வயதுக்கு நெருக்கமான ஒரு பழைய விமானத்தை வாங்கி, புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துப் புல் ஓடுபாதையில் கொண்டுவந்து நிறுத்தினார். நாலு சீட்டு, மூக்கில் ஒரு இஞ்சின். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்? அவர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். மச்சான் அதற்குப் பதில் சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் விமான இஞ்சின் பழுது பார்த்தே தலை நரைத்தவன். விமானத்துக்கு மணிக்கு எத்தனை லிட்டர் என்பதுதான் கணக்கு. எதிர்காற்று அடித்தால் மெதுவாகப் போகும். அதற்காக இஞ்சின் குறைத்துக் குடிக்காது. விமானத்தோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் அளவும் இஞ்சின் புதிதாக இருந்தபோது எடுத்தது. அதுவும் மேலே ஏறியதும் சிவப்புக் குமிழை இழுத்து இஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் எண்ணெயை மட்டுப்படுத்தினால்தான் பலிக்கும். மச்சான் அந்தக் குமிழைத் தொடவே மாட்டார். இஞ்சின் சூடாகிவிடுமாம். ஆனால் கணக்குக்கு மட்டும் புத்தகத்து அளவு வேண்டும்! ஒவ்வொரு தடவையும் டாங்கில் குச்சி விட்டுப் பாருங்கள், குறைந்த எண்ணெயைப் பறந்த நேரத்தால் வகுத்தால் இந்த விமானம் நிஜமாக எவ்வளவு குடிக்கிறது என்று தெரியும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"அகாக்-அகாக் தெரியும் லா, மாப்ள" என்றார். குத்துமதிப்பாம். மூஞ்சியைப் பார்!

அலோர்ஸ்டாரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து வந்தது. தங்கச்சியை விமானத்தில் கூட்டிப்போவேன் என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அவளும் மண்டையை ஆட்டினாள். அவளைத் தனியாக அனுப்ப எனக்கென்ன பைத்தியமா? பல்லைக் கடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினேன்.

போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது, சீக்கிரம் போய்விட்டோம். திரும்புவதற்கு முன் எண்ணெய் ஊற்றலாம் என்றேன். எண்ணெய் அளவு காட்டும் முள் பாதியில் நின்றது. பழைய விமானத்து முள் டாங்கு காலியாக இருந்தால் மட்டுமே உண்மை பேசும்.

"பாதி போச்சு, பாதி இருக்கு. வந்த தூரம்தான போற தூரம்?" என்றார் மச்சான். வழியனுப்ப வந்த கூட்டம் சிரித்தது. நான் குச்சியை எடுத்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது. என் மனைவி பின்சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அதற்குமேல் நான் என்ன செய்வது? டாங்கில் விடாமலே குச்சியை வைத்துவிட்டு ஏறினேன்.

எதிர்காற்று. கீழே நெடுஞ்சாலையில் கார்கள் எங்களை முந்திப் போயின. மச்சான் வரைபடத்தில் விரலை வைத்துக் கிலோமீட்டர் எண்ணிக்கொண்டிருந்தார், லோரிக்கார புத்தி. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இப்படியே போனால் எங்கள் ஓடுபாதைக்கு முன்னால் வரும் தஞ்சோங் காராங் வயலைத் தாண்ட மாட்டோம், பின்சீட்டில் இருக்கிறவளோடு சேறுதான் என்று தெரிந்துவிட்டது. வழியில் ஈப்போவில் இறக்குங்கள், இல்லாவிட்டால் ரேடியோவில் கண்ட்ரோல் டவருக்கு நானே சொல்லிவிடுவேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார்.

டாங்கில் குச்சியை விட்டேன். நுனி மட்டும் நனைந்திருந்தது. மச்சான் குனிந்து பார்த்தார்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல, இன்னும் மிச்சம் இருக்கு."

இந்த ஜென்மத்தோடு பேசி என்ன ஆகப்போகிறது? எண்ணெய் ஊற்றிக்கொண்டு நீங்கள் தனியாகப் போங்கள் என்று சொல்லிவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். வண்டி கிளம்பியும் என் வாய் ஓயவில்லை. மடையன், முட்டாள், அகாக்-அகாக் என்று திட்டித் தீர்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

கடைசியில், "ஒங்க கணக்குதான் சரின்னு எனக்கு அப்பவே தெரியுங்க" என்றாள். "அத்தன பேரு நிக்கிறாங்க. அண்ணன் மொகம் சுண்டிடக் கூடாதுன்னு ஏறிட்டேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தெரிந்தேவா ஏறினாய் என்று கத்தினேன்.

"நீங்களும் தெரிஞ்சுதான ஏறுனீங்க" என்றாள்.