டெல்லிபாபு கேட்ட ஒரு வரித் திருத்தம்

புதன்கிழமை காலை டோல்கேட் சிக்னலில் நிற்கும்போது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "சார், நம்ம பாபு பூட்டாரு சார். நெஞ்சு வலின்னாரு, ஆட்டோல ஏத்தறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." பச்சை விழுந்தும் என் வண்டி நகரவில்லை. பின்னாலிருந்தவர்கள் திட்டினார்கள்.

திருவொற்றியூரில் எங்கள் கண்டெய்னர் யார்டின் கணினிப் பிரிவில் டெல்லிபாபு பதினோரு ஆண்டுகள் என்னோடு இருந்தார். நான் அவருக்கு மேலதிகாரி, பெயருக்கு. லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கும் முறையை எழுதியவர் அவர்தான். கேட்டுக்கு வரும் ஒவ்வொரு டிரெய்லருக்கும் வேறெதற்கும் வராத ஒரு நீண்ட எண். வந்த நேரமும் அதற்குள்ளேயே பொதிந்திருக்கும். "உள்ளயே டைம் கீது சார், தனியா இன்னாத்துக்கு?" என்று, நேரத்தைத் தனியாகப் பதியும் கட்டத்தை எடுத்துவிட்டார். எண்ணின் வரிசைப்படியே வண்டிகள் உள்ளே போகும். மூன்று வண்டிகளை விட்டுச் சோதித்தோம். ஐந்து நிமிடம். வரிசை சரியாக வந்தது, டீ குடிக்கப் போனோம்.

அந்த எண்ணுக்குள் நேரம் தலைகீழாக இருந்தது. நொடிகளை எண்ணி வேகமாக ஓடும் சில்லறைப் பகுதி முதலில், நாளும் மணியும் பின்னால். ஏறக்குறைய ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை முன்பகுதி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். டேட்டாபேஸோ எண்ணை இடமிருந்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அடுக்கியது. ஐந்து நிமிடச் சோதனையில் இது எப்படித் தெரியும்? மதியம் வந்த வண்டி காலையில் வந்ததைத் தாண்டிப் போனது. "வேண்டியவங்கள முன்னாடி உடறான்" என்று டிரைவர்கள் பாபுவைத்தான் ஏசினார்கள்.

ஒருநாள் எண்ணூர் டிரைவர் மாரி கவுண்டருக்கு வந்தார். விடியற்காலையில் டோக்கன் எடுத்தவர். லோடு வண்டியை விட்டுப் போக முடியாது. "எனக்குப் பின்னால வந்தவன்லாம் பூட்டான் சார். எங்கம்மா செத்துப்போச்சு. சாய்ங்காலம் எடுத்துடுவாங்க. மூஞ்சியாவது பாக்கணும்." அவருடைய எண்ணின் முன்பகுதி உச்சத்தில் இருந்தது; புதிதாக வந்தவர்கள் எல்லாரும் அவருக்கு முன்னால் ஏறிக்கொண்டே இருந்தார்கள். பாபு காரணத்தைக் கண்டுபிடித்து மாரியை வெளியே அனுப்பியபோது, எண்ணூரில் அடக்கம் முடிந்திருந்தது.

அன்று பாபு சாப்பிடவில்லை. "மெஷினு பொய் சொல்லல சார். நான் கேட்ட கேள்விதான் தப்பு" என்றார். எண்ணுக்குள்ளிருந்து நேரத்தைப் பிரித்தெடுத்து, அதை வைத்து அடுக்கச் சொல்லும் திருத்தத்தை எழுதினார். ஒரே வரி. என் ஒப்புதல் வேண்டும். இப்போது மாற்றினால் இதுவரை தப்பாக ஓடியதை ஒப்புக்கொண்டதாகும் என்று தலைமை அலுவலகம் சொன்னது, நானும் தலையாட்டினேன். மாரியிடம் உண்மையைச் சொல்கிறேன் என்று பாபு கேட்டதற்கும் நான்தான் தடை போட்டேன். மாதாமாதம் அதே கோரிக்கையை அனுப்பினார். கடைசியாகப் போன வாரம். "இன்னா சார், இன்னொரு அம்மா சாவணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

பாபுவின் அடக்கத்துக்கு மாரி வந்திருந்தார். மாலை போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "அவரு ஆள் பாத்து உட்டாருன்னாங்களே சார், நெசமா?" தலைமை அலுவலகத்து ஆட்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். எனக்குத் தெரியாதே என்றேன்.

பாபுவை அறிந்தவர்களே, அவர் ஆள் பார்த்து யாரையும் விட்டதில்லை. தெரியாமல் ஒரு தப்புச் செய்தார், தெரிந்ததும் திருத்த வந்தார். தெரிந்தே தப்புச் செய்தவன் நான். இன்று காலையும் வரிசை அப்படியேதான் ஓடுகிறது. அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது, கோரிக்கைத் தாளில் இருக்கும் அந்த ஒரு வரி. அதற்குக் கீழே என் கையால் எழுதியது: "பிறகு பார்க்கலாம்."