சோறு நிறுத்தியவள்

கன்னியம்மாவின் இடது காலில் கெளுத்தி முள் ஏறியது 1968ஆம் வருடம் சித்திரை மாதத்தில். ஆடி முடியப்போகிற சமயத்திலும் அந்தப் புண் ஆறவில்லை. சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் புளியங்கொட்டை அளவுக்குத்தான் இருந்தது. வலியே இல்லை. அதனால் அவள் அதைப் பெரிதாக நினைக்காமல், மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் காலோடேயே நடந்தாள்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் முப்பத்தெட்டுக் குடிசைகள் கொண்ட ஒரு குப்பத்தில் அவள் வீடு இருந்தது. கணவன் ராஜவேலுவும் மகன் வரதனும் ஏரியில் வலை போடுவார்கள். அவர்கள் கொண்டுவரும் மீனை அவள் தோணியில் ஏரியைக் கடந்து, பஸ் பிடித்து, பொன்னேரித் தெருக்களில் விற்பாள். அந்தக் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டு வருடம் ஆசிரியையாக இருந்தேன். இதில் கொஞ்சம் நான் பார்த்தது. மீதியைக் கன்னியம்மாவே எனக்குச் சொன்னாள்.

பொன்னேரியில் அவளிடம் மீன் வாங்குபவர்களில் டாக்டர் பூவராகவனும் ஒருவர். ஒரு நாள் அவள் அவர் வீட்டு வாசலில் கூடையை இறக்கி, மடவை மீனை எடை போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். டாக்டர் கதவைச் சாத்தப் போனவர் தரையைப் பார்த்து நின்றார். சிமெண்டுத் தரையில் அவள் இடது பாதம் பதிந்த ஈரத்தைச் சுற்றி எறும்புகள் வந்திருந்தன. வலது பாதத்தின் ஈரத்தில் ஒன்றுகூட இல்லை. இடது பாதத்தின் வடிவம் அப்படியே கறுப்பாக, அசைந்துகொண்டு இருந்தது. அவர் அவளைத் திரும்பக் கூப்பிட்டார்.

கம்பவுண்டர் துளசிராமன் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அவளுடைய சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, மஞ்சள் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. தன் உடம்பிலிருந்து வந்த தண்ணீர் எரியாமலே சிவந்ததைக் கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் பாதத்தை எடுத்துவிடுவார்கள் என்றும், அதற்கு முன் ஒரு வழி பார்க்கலாம் என்றும் சொன்னார். தினமும் ஊசி போட அவளால் ஏரியைத் தாண்டி வந்துபோக முடியாது. மாத்திரை கொடுத்தார். ஆனால் மாத்திரையை விட அவர் நம்பியது வேறொன்றை.

"நீ திங்கிற சோறு ரத்தத்துல போய்ச் சர்க்கரையா நிக்குது. அதைத்தான் அந்தப் புண்ணு தின்னுது. நீ சோத்தை நிறுத்தினா அது பட்டினி கிடந்து சாகும்."

சோறு, கஞ்சி, கூழ், கிழங்கு, வெல்லம், வாழைப்பழம் எதுவும் கூடாது. மீன், இறால், நண்டு, முட்டை, கீரை, வெண்டைக்காய், தேங்காய், மோர் எல்லாம் வயிறு நிறையச் சாப்பிடலாம். ஊரில் அவருக்குப் பட்டினி டாக்டர் என்று பெயர். மற்ற டாக்டர்கள் அவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டார்கள். ஊசி மருந்து சுலபமாகக் கிடைக்காத காலத்தில் தன் ஆசிரியர் செய்த வைத்தியம் இதுதான் என்று அவர் பதில் சொல்வார். தனக்கும் அதே வியாதி இருந்ததால், அவரே பதினெட்டு வருடமாகச் சோறு தொடவில்லை.

மீனுக்குத் தன் வீட்டில் என்ன பஞ்சம் என்று கன்னியம்மா உடனே ஒப்புக்கொண்டாள். எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பது தோணியில் திரும்பி வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்தக் குப்பத்தில் சோறு நிறுத்துவதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. தண்ணீரில் போன ஆண் திரும்பாவிட்டால், அவன் வீட்டுப் பெண் அன்றே சோறு நிறுத்துவாள். உடல் கரைக்கு வரும்வரை ஒரு பருக்கை தொடமாட்டாள். அவள் பசி உடலை இழுத்து வரும் என்பது நம்பிக்கை. உடல் வந்து அடக்கம் ஆனபின், முதல் பிடிச் சோற்றைத் தண்ணீர் ஓரத்தில் வைத்துவிட்டு மறுபிடியை அவள் சாப்பிடுவாள். கன்னியம்மாவின் தாய் அப்படி ஒன்பது நாள் இருந்திருக்கிறாள். பத்தாம் நாள் காலையில் அப்பா வந்து சேர்ந்தார்.

இப்போது யாரும் காணாமல் போகவில்லை. முப்பத்தெட்டு வீட்டு ஆண்களும் கரையில்தான் இருந்தார்கள்.

முதல் வாரம் எல்லோரும் வைத்தியம்தானே என்று தலையாட்டினார்கள். இரண்டாம் வாரம் கேலி செய்தார்கள். டாக்டர் வீட்டு அம்மா மாதிரி கன்னிமாவுக்கு முட்டை நாஷ்டா கேட்கிறதாம் என்று வலை பின்னும் இடத்தில் சிரிப்பு. மூன்றாம் வாரம் சிரிப்பு நின்றது. விடியற்காலையில் தோணிகள் திரும்பும் நேரத்துக்குப் பெண்கள் கரைக்கு வந்து நின்றார்கள். முன்பெல்லாம் அப்படி நிற்கும் வழக்கம் கிடையாது. யாரும் பேசாமல் பாய்களை எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் கன்னியம்மாவின் குடிசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். ஏழாம் வாரம் ஒரு நாள் பச்சையப்பனின் தோணி ஆளில்லாமல் மிதந்து வந்தது. அவன் மனைவி மணலில் புரண்டாள். கட்டவிழ்ந்த தோணியைத் தேடிக்கொண்டு பச்சையப்பனே கரையோடு நடந்து வந்தபோது, அவள் அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராகக் கன்னியம்மாவின் வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள்.

அன்றுதான் ராஜவேலுவின் அக்கா கெங்கம்மாள் வாய்விட்டுக் கேட்டாள். அவளுக்கு வீட்டில் மூன்று ஆண்கள்.

"கன்னிமா, நெசத்த சொல்லு. யாருக்காவடி காத்துக்கினு கீற?"

"என் காலுக்காவ, அண்ணி."

"காலு இன்னா ஏரியிலயா முழுகிப் போச்சு?"

கால் போனால் கூடை போகும், கூடை போனால் வீடு போகும் என்பது கன்னியம்மாவுக்குத் தெரியும். பொன்னேரியில் ஒரு கால் இல்லாத மீன்காரியிடம் யார் வாங்குவார்கள்? அதுவரை அவள் வெள்ளிக்கிழமைதோறும் போய்க் குழாயில் நிறம் பார்த்து வந்தாள். செங்கல், ஆரஞ்சு, மஞ்சள் என்று இறங்கி, ஆறாவது வெள்ளியில் பச்சை வந்திருந்தது. புண்ணின் ஓரத்தில் புதுச் சதை தெரிந்தது. துளசிராமன் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, அடுத்த வாரம் வானத்தின் நிறத்தைப் பார்க்கலாம் என்றார்.

அடுத்த வாரம் செங்கல் நிறம் வந்தது. அதற்கடுத்த வாரமும் அதேதான்.

டாக்டர் முதலில் மருந்தை மாற்றிப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். இதுபோல நிறையப் பேரைத் தான் பார்த்துவிட்டதாகவும், எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்றும் அவர் அலுத்துக்கொண்டார். புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. இன்னும் இரண்டு வாரம், அப்புறம் பட்டணத்துக்குச் சீட்டு எழுதிவிடுவேன் என்றார்.

அந்த இரண்டு வாரத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் கன்னியம்மாவின் குரல் தாழும். தான் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு உறுதி. குழாய் பொய் சொல்லாது என்பதும் உறுதி. அப்படியானால் அவள் உடம்பில் சோறு தின்பது யார்? விடிந்ததும் தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள். இரவில் சோற்றுப் பானையின் மூடியைத் தலைமுடியால் கட்டிவைத்தாள். முடி அறுபடவில்லை. மதியம் மீன் குழம்பைக் குடித்து எழும்போது, முன்பு சோறு தின்ற நாட்களில் வருகிற கனமும் கண் சொருகலும் வந்தன. தனக்குள் இன்னொருத்தி உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக் கை கழுவுவதுபோல இருந்தது. அம்மா ஒன்பது நாள் தொடாமல் விட்ட சோற்றையெல்லாம் யாரோ இப்போது வந்து கேட்கிறார்கள் என்றுகூட நினைத்தாள். பள்ளிக்கூடத்து வாசலில் நின்று என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: தனக்குத் தெரியாமல் தன் வாய் சாப்பிட முடியுமா என்று.

இரண்டாவது வாரம் புதன்கிழமை பஸ் வரவில்லை. அவள் பாதி வழியிலிருந்து கூடையோடு திரும்பி, வழக்கத்துக்கு முன்பாகவே வீட்டுக்கு வந்தாள். ராஜவேலு அடுப்பருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கலயத்தில் சோற்றை வடிகஞ்சியோடு சேர்த்து, பருக்கை தெரியாமல் போகும்வரை கையால் மசித்துக்கொண்டிருந்தான். பிறகு அதை அவளுடைய குழம்புச் சட்டியில் ஊற்றிக் கலக்கினான். திரும்பியபோது வாசலில் அவள் நின்றிருந்தாள்.

கன்னியம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"எத்தினி நாளா?" என்றாள்.

"பச்சையப்பன் தோணி சும்மா வந்துச்சே, அன்னிக்கிலேர்ந்து. நீ சோறு நிறுத்தினா எவனாச்சும் வந்துதானே ஆவணும்? தெனம் தோணியில கால வெக்கசொல்ல அது நான்தான்னு நெனச்சிக்கினே வெக்கறேன். வரதன் ஏறசொல்ல அவன்னு நெனைக்கறேன். உன் வயித்துல ரெண்டு பருக்க உளுந்தா கணக்கு ஒடஞ்சிடும். உனக்குத் தெரிய வேணாம்னு பார்த்தேன்."

கன்னியம்மா அவன் எதிரே உட்கார்ந்து, காலை நீட்டித் துணியை அவிழ்த்துக் காட்டினாள். கறுத்த ஓரத்தை அவன் அப்போதுதான் முதல் தடவையாக அருகில் பார்த்தான்.

"நீ ஊத்துனது இங்கதான்யா வந்து கீது," என்றாள்.

அவன் குழம்புச் சட்டியை வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தான். மறுநாளிலிருந்து ஏரிக்குப் போகவில்லை, வரதனையும் போகவிடவில்லை. அப்பாவும் மகனும் சிப்பிச் சுண்ணாம்பு சுடும் காளவாயில் கூலிக்குப் போனார்கள். தோணி மணலில் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்து மற்ற ஆண்களுக்கு இன்னும் பயம் வந்தது. ராஜவேலுவுக்கு ஏதோ தெரிந்துவிட்டது, அதனால்தான் தன் ஆட்களைக் கரையேற்றிவிட்டான் என்றார்கள்.

குழாயில் நிறம் மறுபடி இறங்கியது. டாக்டருக்கு அவள் காரணம் சொல்லவில்லை. பொய்க்காரி என்ற பெயரோடேயே இருந்துகொண்டாள். ஐப்பசி முடிவில் சுண்டு விரல் தானாக உதிர்ந்தது. பாதம் தங்கியது. கார்த்திகை முதல் வெள்ளியில் ஸ்பிரிட் விளக்கின்மேல் கொதித்த மருந்து நீலமாகவே நின்றது. டாக்டர் பூவராகவன் அந்தக் குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நின்றுகொண்டார். அவர் கண் துடைத்ததாகத் துளசிராமன் சொன்னார்.

நான்கு நாள் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் கரையில் ஒரு உடல் கிடந்தது. கன்னியம்மாவின் குடிசைக்கு நேர் எதிரே, அவள் மீன் கழுவும் இடத்தில், தலை வாசலைப் பார்த்தபடி.

குப்பத்து ஆண்கள் அத்தனை பேரும் உயிரோடு சுற்றி நின்றார்கள். அடக்க முடியாத நிம்மதியில் பச்சையப்பன் சிரித்துவிட்டான். கிடந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும், யாருக்கும் தெரியாத முகம். முன்கையில் பச்சை குத்தியிருந்தது. எழுத்து தெலுங்கு. எனக்கு அது படிக்கத் தெரியும் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் குனிந்து படித்தேன். 'சம்பூர்ணம்' என்று இருந்தது. ஒரு பெண்ணின் பெயர், அவ்வளவுதான்.

போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார். குப்பத்துத் தலைவரான நாட்டார் மணவாளன் சவுக்குத் தோப்பருகே அடக்கம் செய்ய வைத்தார். அது முடிந்ததும் கெங்கம்மாள் புதுப்பானையில் சோறு கொண்டுவந்து கன்னியம்மாவின் முன் வைத்தாள். ஊரே பின்னால் நின்றது. கெங்கம்மாளின் குரலில் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"நீ கூப்ட்ட, வந்துட்டான். எங்க ஆளுங்களை உட்டுட்டு எவனையோ இட்டாந்த, நீ நல்லா இருப்ப. துன்னுமா. ஒரு வாய் துன்னு, முடிஞ்சிடும்."

ஒரு பிடிச் சோற்றால் ஆறிய கால் போய்விடாது என்பது கன்னியம்மாவுக்குத் தெரியும். ராஜவேலு அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டால் எல்லாம் தீரும். ஆனால் அந்த மனிதனை இழுத்து வந்தது தன் பசிதான் என்றும் ஆகிவிடும்.

அவள் பானையைத் தூக்கிக்கொண்டு, சுண்டு விரல் இல்லாத காலை அழுத்தி வைத்துத் தண்ணீர் ஓரம் வரை நடந்தாள். முதல் பிடியை வைத்தாள். இரண்டாவது பிடியை எடுத்தாள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அதையும் முதல் பிடியின் பக்கத்திலேயே வைத்தாள்.

"இது என் சோறு இல்ல," என்றாள். "சம்பூர்ணம்னு ஒருத்தி எங்கியோ சோறு நிறுத்திக்கினு குந்திக்கினு கீறா. அவ கூப்ட்டு வந்தவரு இவரு, வழி தப்பிப் போச்சு. அவ துன்னாம நான் எப்டி துன்றது?"

கெங்கம்மாள் பானையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்தக் கரையின் வழக்கப்படி அதற்கு எதிர்ப்பேச்சு இல்லை.

மணவாளன் வடகரைக் குப்பங்களுக்கு ஆள் அனுப்பினார். பொங்கல் வரை தேடினார்கள். ஆந்திரப் பக்கம் எந்த ஊரிலும் அந்தப் பெயரில் காத்திருக்கும் பெண் கிடைக்கவில்லை. கன்னியம்மா சோறு தொடாதது இனி அவளுக்காகத்தான் என்று ஊர் எடுத்துக்கொண்டது. ராஜவேலு தோணியை நிமிர்த்தி மறுபடி ஏரிக்குப் போனான். பெண்கள் பாய்களை எண்ணுவதை நிறுத்தினார்கள். கன்னியம்மா மீனும் கீரையும் மோருமாக, கூடையைச் சுமந்துகொண்டு நடமாடினாள்.

நான் மாற்றலாகி வரும்வரை பார்த்திருக்கிறேன். அந்த அடக்கத்துக்குப் பிறகு குப்பத்தில் ஒருவரும் அவளைப் பார்த்து "சாப்ட்டியா?" என்று கேட்டதில்லை.