மகள் கழுத்துக்கு நான் தைத்த நாடா

கல்லூரியில் படிக்கும் என் மகள் ஹரிணி, "அம்மா, நாங்கெல்லாம் ராஜா காலத்துப் படைவீரங்களாட்ட வேஷங்கட்டி, ஒரு தோப்புல நாள் பூரா கதைய நடிச்சு விளையாடப் போறோம். எனக்கு முதுகுல நீளமாத் தொங்கற மேலங்கி வேணும்" என்றாள். கடையில் வாங்க வசதியில்லை. நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கழித்துப் போட்ட துணியில் நானே தைத்தேன். நழுவாமல் இருக்கக் கழுத்துக்கு நாடா வைத்து, இரட்டைத் தையலும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருநீறு பூசி அனுப்பினேன். அவளை ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பியதும், அங்கியின் நுனி பின்சக்கரத்தில் சிக்கியது. வேறு துணியென்றால் கிழிந்திருக்கும். பனியன் துணி கிழியாமல் இழுபட்டுக்கொண்டே போனது. நாடா அவள் கழுத்தை இறுக்கியது. அவளால் கத்தக்கூட முடியவில்லை.

"ஏனுங்க, நிறுத்துங்க! அவிநாசியப்பா, எம்புள்ளயக் காப்பாத்து!" என்று அலறிக்கொண்டு ஓடினேன். வண்டி நின்றது. முடிச்சு அவிழவில்லை. காலையில் அங்கியின் நூல் பிசிறை வெட்டிவிட்டு இடுப்பில் செருகியிருந்த கட்டரால் நாடாவை அறுத்தேன்.

மூச்சு வந்ததும், "சண்டைக்குப் போறதுக்கு முன்னாலயே என்னைய முடிச்சுட்டயேம்மா" என்று சிரிக்கப் பார்த்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

எங்கள் கம்பெனியில் குழந்தைகளின் உடுப்புக்குக் கழுத்து நாடா வைக்க விடமாட்டார்கள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அன்று புரிந்தது.

அதே அங்கியைக் குட்டையாக வெட்டி, இழுத்தால் தானே பிரிகிற டிச் பட்டன் வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் அவள் கிளம்புமுன் அதை என் கழுத்தில் போட்டு, வீட்டுக்காரரை இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன். திருநீறு பூசுவது அதற்குப் பிறகுதான்.