பலெம்பாங் கைப்பிடி

பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உலோகங்களைச் சோதித்து ஓய்வு பெற்றவன் நான். உப்பலில் வீடு. இந்தோனேசியக் குத்துவாளான கெரிஸ் மீது எனக்கு ஒரு பித்து. புத்தகங்களாகப் படித்து, கைப்பிடியைக் கொண்டே எந்தத் தீவு என்று சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன். அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்ளவும் செய்தேன்.

அப்படிக் கேள்விப்பட்டுத்தான் நகரத்தின் மறுகோடியில் உள்ள கொண்டாப்பூரிலிருந்து அந்த அம்மாள் வந்தார். நாகூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனும் கூட வந்திருந்தான். துணியைப் பிரித்து ஒரு கெரிஸை மேசையில் வைத்தார்.

"எங்க வாப்பா அந்த நாட்டுல துணிக்கடை வச்சிருந்தாஹ அண்ணே. எனக்கு நாலு வயசுல மௌத்தாயிட்டாஹ. அங்க இன்னொரு குடும்பம் இருந்துச்சாம், எனக்கு ஒரு லாத்தா இருக்காஹளாம். உம்மா போற நேரத்துலதான் வாயத் தொறந்தாஹ. ஊருதான் தெரியலன்னுட்டாஹ. இது ஒண்ணுதான் மிச்சம்."

மௌத்து என்றால் இறப்பு, லாத்தா என்றால் அக்கா. கூடப்பிறந்தவர் வேறு யாரும் அவருக்கு இல்லை.

"பார்த்த உடனே பின்கோடு வரைக்கும் சொல்லிடுவீங்களாமே அங்கிள்?" என்றான் மகன்.

"சும்மா இருடா."

மரக் கைப்பிடியில், கைகளைக் கட்டிக்கொண்டு குளிரில் குறுகியது போன்ற ஓர் உருவம், அதன் மேலெல்லாம் இலைச் செதுக்கல். அதன் அடியில் கிண்ணம் போன்ற வெள்ளி வளையம். இரண்டும் சுமத்ராவைச் சொல்லின. இரும்பு அலகு மட்டும் ஜாவாவில் அடித்தது, சோலோ நகரத்து வேலை. கெரிஸின் அலகு கைமாறி ஊர் ஊராகப் போகும். வாங்கியவர் தம் ஊர் வழக்கப்படி பிடியை மாற்றிக்கொள்வார். ஆகவே உடையவரின் ஊரைச் சொல்வது பிடிதான். இது எனக்குத் தெரியும். ஆனாலும் வாழ்நாளெல்லாம் இரும்பை நம்பியவன். மரத்துண்டை யாரும் பிற்பாடு மாட்டியிருக்கலாம் என்று ஒதுக்கினேன். ஒரு தாளில் 'சோலோ' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

மகன் பத்து நாள் லீவு போட்டு அவரைச் சோலோவுக்கு அழைத்துப் போனான். பள்ளிவாசல் பள்ளிவாசலாக, பழைய துணிக்கடை வீதிகளிலெல்லாம் விசாரித்து வெறுங்கையோடு திரும்பினார்கள்.

"பழைய ஆளுஹ யாரும் இல்லண்ணே," என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஆபிட்ஸ் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய அருங்காட்சியகப் பட்டியல் ஒன்று கிடைத்தது. அதில் அதே உருவம், அதே இலைச் செதுக்கல். பலெம்பாங், சுமத்ரா என்று போட்டிருந்தது.

அன்றே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. தவறு என்னுடையது என்று அந்தப் பையனிடம் சொல்ல நா எழவில்லை. பட்டியலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இடையில் பெருநாளன்று அவர் வீட்டில் பிரியாணி சாப்பிட்டேன்; அப்போதும் சொல்லவில்லை. இப்படிப் பதினொரு மாதம் போயிற்று. பிறகு ஒருநாள் தாங்காமல் போன் செய்தேன்.

"எப்பத் தெரிஞ்சுச்சுண்ணே?"

"போன வாரம்தாம்மா," என்றேன்.

மகன் தாத்தாவின் பெயரையும் துணிக்கடையையும் குறிப்பிட்டுப் பலெம்பாங் பள்ளிவாசல் ஒன்றுக்கு எழுதினான். ஒரே மாதத்தில் பதில் வந்தது. எழுதியவர் லாத்தாவின் மகள். தன் தாய் நான்கு மாதத்துக்கு முன் இறந்துவிட்டதாகவும், இந்தியாவில் தங்கை ஒருத்தி உண்டு என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தார். கூடவே ஒரு புகைப்படம்.

நான் போனபோது அந்த அம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மூக்கப் பாருங்கண்ணே. அப்படியே என் மூக்கு."

பார்த்தேன்.

"ஒரு நாலஞ்சு மாசம் முந்தியிருந்தா லாத்தா கையப் புடிச்சிருப்பேன். நீங்க என்ன செய்வீங்க? ஒங்களுக்கே அப்பத்தானே தெரிஞ்சுச்சு. டீ ஆறுது, குடிங்க."

குடித்தேன். மகன் வாசல்வரை வந்து என் கையைப் பிடித்து, "தேங்க்ஸ் அங்கிள்," என்றான்.

பதினொரு மாதம் என்று இங்கே எழுதிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.