கோமாரி மலையடியில் ஆவரசம்பூ

காலை ஒன்பதரைக்குக் கல்முனையில் பொத்துவில் பஸ் ஏறினோம். கோமாரி வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். கடையில் விற்கும் ஆவரசம்பூப் பக்கற்றில் பூவைவிடக் காம்புதான் அதிகம் என்று என் மனைவி ஹசீனாவுக்கு நெடுநாள் குறை. தேநீருக்கான பூவைத் தன் கையாலேயே பறிக்க வேண்டுமாம். ஒரு கோப்பைத் தேநீருக்கு இவ்வளவு தூரமா என்று நான் வழி முழுக்க முணுமுணுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோமாரியில் ஓட்டோ பிடித்தோம். காத்திருந்து திரும்பக் கொண்டுவிட ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் ரவி அந்த ஊர்க்காரர், வாய் ஓயாதவர்; அண்ணன், அக்கா முறைக்கு எங்களைக் காக்கா, ராத்தா என்றே கூப்பிட்டார். பன்னிரண்டு மணிக்கு மலையடியில் இறங்கினோம். பாறைச் சரிவெங்கும் ஆள் உயரச் செடிகள், கிளைக்குக் கிளை மஞ்சள் கொத்துகள். என் முணுமுணுப்பு எனக்கே மறந்துபோயிற்று.

ஆளுக்கொரு பக்கமாகப் பறித்தோம். சற்று நேரத்தில் ரவி ஓடிவந்து நிலத்தைக் காட்டினார். யானை இலத்தி.

“இன்னும் ஈரம் காயல்ல காக்கா. ராத்தாவக் கூப்பிடுங்க, போவம்.”

கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.

“மெல்லக் கூப்பிடுங்க, யானைக்கும் கேக்கும்” என்றார் ரவி.

கேட்டால் கேட்கட்டும், அவளுக்குக் கேட்டால் போதும் என்றிருந்தது. செடிகளை விலக்கிக்கொண்டு ஓடினேன். முள் கிழித்தது தெரியவில்லை.

பெரிய பாறை ஒன்றின் நிழலில், பூப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஹசீனா நெற்றி நிலத்தில் பட சுஜூதில் இருந்தாள். போத்தல் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி வுளூச் செய்த ஈரம் பாறையில் கிடந்தது. நண்பகல் ளுஹர் தொழுகை நேரம். வீடு போய்த் தொழுதுகொள்ளலாம் என்றிருந்த எனக்கு அவள் இங்கேயே தொழுவாள் என்று தோன்றவே இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று அப்படியே பாறையில் சாய்ந்தேன். போன உயிர் திரும்பி வந்தது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டுத் திரும்பினாள்.

“நீங்க கூப்பிட்டது கேட்டிச்சி. தொழுகைக்குள்ள நிண்டு ஓம் எண்டு சொல்லவா?”

“யானை நிக்கிதாம்.”

“எனக்கெண்டா இப்பிடி ஓடி வருவீங்களா?”

பை அரைவாசிதான் நிரம்பியிருந்தது. இன்னும் கொஞ்சம் பறிக்கவா என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்தவன், ஓட்டோ வரை விடவில்லை. கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் வெளியிடத்தில் நாங்கள் அப்படி நடந்ததில்லை.

“அந்தத் தம்பி பாக்காரு” என்றாள் மெதுவாக.

“பாக்கட்டும்” என்றேன்.