புதுநன்மை நாளில் போட்ட ஊசி

எனக்கு ஊசியென்றால் பயம். அதைவிடப் பெரிய பயம், ஊசி தவறிவிட்டால் என்ன ஆகுமோ என்பது. என் அண்ணன் நீரிழிவில் நாளுக்கு நாள் உருகி, கடைசியில் நினைவு தப்பியே போய்ச் சேர்ந்தார். அவர் காலத்தில் வரதராஜன்பேட்டைப் பக்கம் யாரும் இந்த இன்சுலின் மருந்தைக் கண்டதில்லை. எனக்கோ யுத்தம் நடந்த வருஷங்களிலும் திருச்சியிலிருந்து அரியலூருக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தது. அந்தச் சின்னப் புட்டியை ஈரமணல் பானைக்குள் வைத்துவிட்டு, அடைக்கோழி மாதிரி அதையே சுற்றிவந்தேன்.

விடிந்ததும் மனைவி கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்து என் தொடையில் குத்துவாள். "போட்ட அரை மணிக்குள்ள சாப்புட்டாகணும். இல்லேன்னா ரத்தத்துல சர்க்கரை ஒரேயடியா எறங்கிடும்" என்று அரியலூர் டாக்டர் சொல்லியிருந்தார்.

மகளுக்குப் புதுநன்மை நாள் வந்தது. குழந்தை முதன்முதலாக நற்கருணை வாங்கும்போது அப்பனும் அம்மாவும் இருபுறமும் முழந்தாளிட்டுக் கூடவே வாங்குவது எங்கள் வழக்கம். வாங்குகிறவர் நள்ளிரவு முதல் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருக்க வேண்டும்.

"இன்னிக்கு ஊசியைப் பூசை முடிஞ்சு போட்டுக்கலாங்க" என்றாள் மனைவி.

"அண்ணன் போன வழியில என்னையும் அனுப்பப் பாக்கறியா?" என்று தொடையைக் காட்டினேன். பூசை சீக்கிரம் முடிந்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. சாமியார் பிரசங்கம் வைப்பார் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

பிரசங்கத்தின் பாதியில் உடம்பெல்லாம் வேர்த்தது. பூசைப் பீடத்தையே தின்றுவிடலாம் போல ஒரு பசி. சாமியார் இரண்டாகத் தெரிந்தார். இரண்டு பேருமே நிறுத்துகிற வழியாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சானின் தோளைப் பிடித்தேன்.

"மச்சான், நான் போறேன்."

"எங்க, வூட்டுக்கா?"

"மேல. சாவறதுக்கு முன்னால அவஸ்தைத் தைலம் பூசச் சொல்லு."

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். பெண்கள் பக்கம் இருந்த தன் அக்காளுக்கு, அதாவது என் மனைவிக்கு, கைகாட்டினார். அத்தனை பேர் பார்க்க அவள் ஆண்கள் பக்கம் வந்து, முந்தானை முடிச்சிலிருந்து வெல்லத்தை எடுத்தாள்.

"வாயைத் தெறங்க."

"நன்மை வாங்கணும்டி. புள்ள பக்கத்துல நான் இருக்க வேணாமா?"

"நீங்க போயிட்டா காலம் பூரா அவ பக்கத்துல யாரு இருப்பா? தெறங்க."

திறந்தேன். வேதசாட்சியாகச் சாகும் ஆசையெல்லாம் வெல்லம் நாக்கில் பட்டதும் கரைந்துவிட்டது. இன்னொரு துண்டும் கேட்டு வாங்கித் தின்றேன். பிரசங்கம் முடிவதற்குள் சாமியார் மறுபடி ஒருவரானார். பூசை முடிந்த பிற்பாடு விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்: "சாகக் கெடக்கறவன்னா சாப்புட்டிருந்தாலும் நன்மை குடுக்கலாம். நீதான் பொழைச்சிட்டியேப்பா!"

அதற்கு முன்னால் நற்கருணை நேரம் வந்தது. வெள்ளை முக்காட்டோடு மகள் பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியருகே முழந்தாளிட்டாள். இடப்புறம் அவள் அம்மா. வலப்புறம் வெறும் தரை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவள் பார்க்கவில்லை. அந்த இடத்தில் அடுத்த குழந்தையை நகர்த்திவைக்க, பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் வந்தார். கூப்பிய கையைப் பிரிக்காமல், வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினாள். இடம் அப்படியே காலியாக இருந்தது.

நான் தூணில் சாய்ந்து, உயிரோடு உட்கார்ந்திருந்தேன்.